மரு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்!

பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் உங்கள் பள்ளிக்கூட டி.சி.யை எடுத்துப் பாருங்கள். 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு இடம் இருக்கும். 'இடது கன்னத்தில் ஒரு மச்சம், வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். கையைத் திருப்பு, கழுத்தைக் காட்டு என்று வாத்தியாரோ கிளார்க்கோ தேடிக் கண்டுபிடித்து எழுதியது. நம்மில் பலருடைய தோலை இன்னொருவர் உன்னிப்பாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்! அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வருஷம் நாமும் பார்ப்பதில்லை.

பார்க்கிறவர்களுக்கும் கவலை வேறு. உதட்டுக்கு மேலே மச்சம் இருந்தால் என்ன பலன்? பெண் பார்க்க வருகிற தேதிக்குள் இந்தக் கழுத்து மரு உதிர்ந்துவிடுமா? இப்படித்தான்.

தோல் விஷயமாக என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் என்ன தொந்தரவு என்று சொல்வதில்லை. நோயின் பெயரையே சொல்லிவிடுவார்கள். "சார், இது மரு. உதிர்றதுக்கு ஏதாச்சும் எண்ணெய் கொடுங்க." சித்த வைத்தியர் என்றால் எதற்கும் ஒரு எண்ணெய் வைத்திருப்பார், அதில் பக்கவிளைவே கிடையாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கைக்கு நன்றி. ஆனால், அதை நான் தப்பாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதல்லவா?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தோலில் முளைத்த எதையும், அது இன்னதென்று விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும் முன் சுடாதீர்கள், நூல் கட்டாதீர்கள், கிள்ளாதீர்கள், தடவாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஆனாலும் சரி, லேசர் ஆனாலும் சரி!

ஒரு பெயர், ஐந்தாறு நோய்

'மரு' என்றும் 'பாலுண்ணி' என்றும் நாம் சொல்வது உண்மையில் ஐந்தாறு வெவ்வேறு சமாசாரங்களை. ஊருக்கு ஊர் பெயர் வேறு மாறும்.

விரலிலும் முழங்காலிலும் சொரசொரப்பாக, காலிஃபிளவர் மாதிரி முளைப்பதுதான் நிஜமான மரு. இது ஒரு வைரஸ் செய்கிற வேலை. அதனால்தான் நகம் கடிக்கும் பிள்ளைக்கு நகத்தைச் சுற்றி வரிசையாக வரும். ஷேவ் செய்யும்போது கீறினால் தாடை முழுக்கப் பரவும். ஒரே டவலை வீடே உபயோகித்தால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றிலும் அக்குளிலும் முத்து முத்தாக, நடுவில் சின்னக் குழியோடு வருவது இன்னொரு வைரஸ். அம்மை வைரஸின் தூரத்துச் சொந்தம். கிள்ளினால் உள்ளே வெள்ளையாக மாவு போல வரும். "பால் வருது" என்று பாட்டி சொல்வது இதைத்தான். கிள்ளக் கிள்ளப் பரவும். சும்மா விட்டால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருஷம், மிஞ்சினால் இன்னும் கொஞ்ச நாளில் தானே போய்விடும்.

நாற்பதுக்கு மேல் கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்துத் தொங்குவது வைரஸே இல்லை. அது வெறும் தோல் மடிப்பு. அம்மா, மாமி, பெரியம்மா என்று குடும்பத்துப் பெண்களுக்கெல்லாம் கன்னத்தில் மிளகைத் தூவினாற்போல வரும் கறுப்புப் புள்ளிகளும் தொற்றாது, ஆபத்தும் இல்லை. வயதானவர்கள் முதுகில் மெழுகை ஒட்டி வைத்த மாதிரி வரும் பழுப்புத் திட்டும், நெஞ்சில் வரும் சிவப்புக் குண்டுமணிப் புள்ளியும் அப்படித்தான். அழகுக்காக எடுத்தால் எடுக்கலாம், விட்டால் விடலாம்.

உள்ளங்காலில் வந்தால் குழப்பம் அதிகம். கால் ஆணியா, மருவா? ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் விரலால் நசுக்கினால் அதிகம் வலிப்பது மரு. டாக்டர் மேல்தோலைச் சீவிப் பார்த்தால் மருவில் கடுகு போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை உறைந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். ஆணிக்கு மூல காரணம் செருப்பு. செருப்பை மாற்றாமல் ஆணியை எத்தனை தடவை வெட்டினாலும் திரும்ப வரும்.

உப்பும் மிளகும்

கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிரும் என்று நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. "போடலாமா சார்?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போடுங்கள். அதில் யாருக்கும் கேடில்லை. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் பாதிக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே மறைந்துவிடும். உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் இருந்த இடம் தெரியாமல் போகும். அந்த சமயத்தில் யார் என்ன வைத்தியம் செய்துகொண்டிருந்தாரோ அவருக்குப் பேர்! என் எண்ணெய்க்கும் அப்படிப் பேர் கிடைத்திருக்கிறது, ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

காத்திருக்க முடியாது, வலிக்கிறது, பரவுகிறது என்றால் வைத்தியம் இருக்கிறது. 17 சதவீத சாலிசிலிக் அமிலக் கலவையை டாக்டர் எழுதித் தருவார். தினமும் ராத்திரி ஐந்து நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேல்தோலை லேசாகத் தேய்த்து எடுத்து, சுற்றிலும் வாசலின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுமை தேவை. பாதிப் பேர் பத்து நாளில் விட்டுவிட்டு "கேட்கலை" என்பார்கள். முகத்துக்கு இது ஆகாது. சர்க்கரை நோயாளியின் காலுக்கும் ஆகாது. இல்லாவிட்டால் மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள், அல்லது மரத்துப்போக ஊசி போட்டுக் கரண்டால் சுடுவார்கள். எதைச் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வரும். வைரஸ் பக்கத்துத் தோலில் ஒளிந்திருப்பதால் அப்படி. டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மறைவிடத்தில் வந்தால் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே எதையாவது தடவுகிறவர்கள் அதிகம். அங்கே வருவது வேறு வகை வைரஸ். கணவன், மனைவி இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில மருந்துகள் கருவுக்கு ஆகாது.

எங்கள் முறையில் இல்லையா?

"சித்த மருத்துவத்தில் சுட்டு எடுப்பது இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. எங்கள் புற மருத்துவ முறைகள் 32. அதில் சுட்டிகை உண்டு, காரம் உண்டு, கீறல் உண்டு, அறுவையும் உண்டு. ஆனால், அதற்கு முன்னால் எண்வகைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இந்த எட்டில் ஸ்பரிசம் தொட்டுப் பார்ப்பது, நிறம் கண்ணால் பார்ப்பது. அதாவது, தொடாமல், வெளிச்சத்தில் பார்க்காமல் மருந்து சொல்வது எங்கள் நூல் முறைக்கே விரோதம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "இதுக்கு என்ன தடவலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் போடாததற்கு இதுதான் காரணம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எருக்கம்பால், சேராங்கொட்டை, சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் கலந்த குழம்பு... இவையெல்லாம் தோலை அரிக்கும். மரு எது, நல்ல தோல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. சேராங்கொட்டைச் சாறு சலவைத் துணியில் குறி போடப் பயன்பட்ட சரக்கு. சுத்தி செய்யாமல் தோலில் பட்டால் கொப்புளமாகக் கிளம்பும். எருக்கம்பால் வைத்த விரலால் கண்ணைக் கசக்கிவிட்டால் கருவிழியே பாதிக்கப்படும். இமையோர மருவுக்கு இதை வைத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் ஓடியவர்கள் தப்பித்தார்கள்.

அம்மான் பச்சரிசிப் பாலைப் பாலுண்ணிக்கு வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். அதன் இனத்துச் செடி ஒன்றின் பாலை ஆஸ்திரேலியாவில் வீட்டு வைத்தியமாக வைத்து வந்தார்கள். அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, வெயிலால் வரும் ஒரு தோல் திட்டுக்கு ஜெல்லாகத் தயாரித்தார்கள். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், தடவிய இடத்தில் தோல் புற்று வருவது கூடுகிறதோ என்ற கவலையில் 2020-ல் ஐரோப்பாவில் அதை விலக்கிக்கொண்டார்கள். இவ்வளவு சோதித்து, அளந்து கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி. 'மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்ற பேச்சை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

தொங்கும் மருவுக்குக் குதிரை முடி கட்டுவதும் அப்படியே. மெல்லிய காம்பாக இருந்தால் சில சமயம் விழுந்துவிடும், நிஜம்தான். பாதி அழுகி, சீழ் வைத்து, நெறி கட்டி வருகிறவர்களும் உண்டு. இதையே டாக்டர் மரத்துப்போகச் செய்து, கத்தரியால் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

சுட்டுவிட்டால் சாட்சி இல்லை

நான் கோபப்படுகிற இடத்துக்கு இப்போது வருகிறேன். முன்பு சந்தையில் சுண்ணாம்பு வைத்து மச்சம் எடுத்தார்கள். இன்று ஏ.சி. அறையில், வெள்ளைக் கோட்டு போட்டு, மெஷின் வைத்து எடுக்கிறார்கள். 'மரு, மச்சம் நீக்கப்படும்' என்ற போர்டு தெருவுக்கு ஒன்று. எடுப்பவர் டாக்டரா, பார்லரில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தவரா என்று யாரும் கேட்பதில்லை. சுட்ட பிறகு மிஞ்சுவது கரி. அந்தக் கரியை எந்த லேபாரட்டரியில் கொடுத்தாலும் அது என்னவாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர். குதிகாலில் கறுப்பாக ஒரு தடிப்பு. கால் ஆணி என்று முடிவு கட்டி, எட்டு மாதம் மருந்துக்கடை பிளாஸ்டரை மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார். நடுவில் ஓர் இடத்தில் சுட்டும் விட்டார்கள். சுட்ட இடம் ஆறவில்லை, சுற்றிலும் மையைக் கொட்டியது போலக் கறுப்பு பரவியது. "ஆறாத புண்ணுக்கு உங்ககிட்ட நல்ல களிம்பு இருக்குன்னாங்க" என்று என்னிடம் வந்தார். காலைப் பார்த்ததும் தொடையிடுக்கைத் தொட்டுப் பார்த்தேன். நெறி கட்டியிருந்தது. களிம்பு கொடுக்கவில்லை, அன்றைக்கே புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். மெலனோமா என்று பயாப்ஸியில் வந்தது. குதிகாலையும் நெறியையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் சில மாதங்களும் இருந்தார்.

மெலனோமா வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம்மவர்களுக்கு அது அபூர்வம்தான். ஆனால், வரும்போது வெயில் படாத இடத்தில், உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது. யாரும் பார்க்காத இடம்! ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்று நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல், 36 வயதில் இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டு எல்லா மச்சத்துக்கும் பயப்பட வேண்டாம். டி.சி.யில் ஏறிய மச்சம், அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தால், ஒன்றுமில்லை. நடுவயதுக்குப் பிறகு புதிதாக வந்தது, ஒரு பாதி போல இன்னொரு பாதி இல்லாதது, ஓரம் கரை போட்ட மாதிரி இல்லாமல் கலைந்திருப்பது, கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று நிறம் கலந்தது, பென்சில் பின்முனையைவிடப் பெரிதானது, தானாக ரத்தம் கசிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு நம் நிறத்தவர்களுக்கு சகஜம். அந்தக் கோடு அகலமாகிக்கொண்டே போனால், நகக்கண்ணிலும் கறுப்பு இறங்கினால் சகஜமில்லை. வயதானவர்களுக்கு மூக்கோரம், கண்ணோரம் கறுப்பாக, பளபளப்பான விளிம்போடு ஒரு சின்னக் கொப்புளம் வந்து, காய்ந்து, திரும்ப ரத்தம் கசிந்தால், அது மச்சம் போலத் தெரியும் இன்னொரு புற்று. பரவுவது அபூர்வம். சீக்கிரம் எடுத்தால் முழுக்க குணமாகும்.

பெண்களுக்கு ஒன்று. இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் தடித்த கறுப்புத் தடம் அனேகமாக எல்லோருக்கும் இருக்கும். தடம் இருப்பதில் தப்பில்லை. அந்த இடம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறவில்லை என்றால் விடக் கூடாது. துணி இறுகும் இடுப்பில் புற்று வருவதை நம் நாட்டு டாக்டர்கள் 1940-களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாடாவைத் தளர்த்தி, அகலமான பட்டையாகத் தைத்துக்கொள்வது நல்லது.

கழுத்துக் கறுப்பும் கன்னத்து மங்கும்

பள்ளிக்கூடம் போகும் பெண்ணின் பின்கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்க்கும் அம்மாக்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். வெல்வெட் துணி போலத் தடித்து, கழுத்து, அக்குள் இரண்டிலும் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். கூடவே சின்னச் சின்ன மருக்கள் தொங்கினால் இன்னும் சந்தேகம். சர்க்கரையைப் பாருங்கள். எடை குறையக் குறையக் கறுப்பும் மங்கும். என்னிடம் கழுத்துக்கு எண்ணெய் கேட்டு வந்து, சர்க்கரை நோய் என்று தெரிந்துகொண்டு போனவர்கள் ஏராளம்.

மங்கு வேறு. பிரசவ காலத்திலும், ஹார்மோன் மாத்திரை எடுக்கும்போதும், வெயிலாலும் கன்னத்தில் படர்வது. எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் கூடத்தான் செய்யும். குடை பிடியுங்கள், ஸ்கூட்டரில் போனால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், டாக்டர் சொன்ன சன்ஸ்கிரீனைப் போடுங்கள். மாதக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும். ஒரு வாரத்தில் வெளுத்தால் சந்தேகப்படுங்கள்! அந்த டியூபில் அனேகமாக ஸ்டீராய்டு இருக்கும். முதலில் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரியும், நிறுத்தாவிட்டால் கெடும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. நம் தெருமுனைக் கடையில் கேட்டுப் பாருங்கள், சீட்டைக் கேட்கிறார்களா என்று. ஊர் பேர் இல்லாத சிகப்பழகு கிரீம்களில் பாதரசம் இருப்பதும் பல தடவை பிடிபட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரசத்தின் குணத்தை ஒரு சித்த வைத்தியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிறிய திட்டுக்கும் இதே விதி. குழந்தை கன்னத்தில் வந்தால் "வயித்துல பூச்சி" என்போம். அதற்கும் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. வறட்சிதான், தேங்காய் எண்ணெய் போதும். முதுகில் வருவது பெரும்பாலும் தேமல், ஒரு பூஞ்சை. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெளுத்தால் பசைதான் காரணம், குங்குமத்துக்கு மாறுங்கள். ஆனால், திட்டின் மேல் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் தொழுநோய்க்காகப் பரிசோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் முழுக்க குணம்.

போகும்போது என்ன கேட்பது?

எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டால் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள். இது என்ன? சுடப் போகிறீர்களா, வெட்டி எடுக்கப் போகிறீர்களா? வெட்டினால் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா? கறுப்பாக இருந்து சந்தேகம் உள்ள எதையும் சுடக் கூடாது, முழுசாக வெட்டி, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்ப வேண்டும். கேட்டால் கோபிக்கிற டாக்டராக இருந்தால், எந்த வைத்திய முறைக்காரராக இருந்தாலும், வேறு ஒருவரைப் பாருங்கள். நெஞ்சு, தோள்பட்டை, காதுமடலில் முன்பு எப்போதாவது தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அழகுக்காக ஒரு மச்சத்தை எடுத்து, அதைவிடப் பெரிய தழும்பை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால் கால் ஆணி பிளாஸ்டரைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். அதில் 40 சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலில் அது புண்ணாக்குவதே அவருக்குத் தெரியாது.

பார்ப்பதற்கு நல்ல நேரம் எண்ணெய்க் குளியல். எப்படியும் உச்சி முதல் உள்ளங்கால் வரை கை படப்போகிறது. கால்விரல் இடுக்கு, உள்ளங்கால், நகம் எல்லாவற்றையும் அப்போது பாருங்கள். முதுகை வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ பார்க்கட்டும். இருக்கிற மச்சங்களைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட உதவும். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கறுப்பு தெரிந்தால் மட்டும் அடுத்த வருஷம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரமே தோல் டாக்டரிடம் போய், செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.